வடிதயிரா, முளிதயிரா, செறிதயிரா?

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கோடையில் அடுப்படியில் அதிக நேரம் நிற்காமல் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய மத்தியதரைக் கடல் நாட்டுக் காலை உணவுகளைப் பற்றிய சிறுநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலான உணவுகளில் சிக்கல் இல்லை. கத்தலோனியாவில் சுட்ட ரொட்டியின்மேல் பூண்டைத் தேய்த்து, பழுத்த தக்காளியை அரிந்து உரசி, ஆலிவ் எண்ணெயும் உப்பும் சேர்க்கிறார்கள். அது 'தக்காளி ரொட்டி' ஆகிவிட்டது. கிரீட் தீவின் டாக்கோஸ், இருமுறை சுட்ட வாற்கோதுமை ரொட்டியைச் சற்றே நனைத்து, துருவிய தக்காளியையும் பாலாடைக்கட்டியையும் மேலே வைப்பது. அதன் பெயரை அப்படியே வைத்துக்கொண்டேன்.

நான் இடறி நிற்பது லப்னேயில். தயிரில் உப்பிட்டு, மெல்லிய துணியில் கட்டி, இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டிக்குள் ஒரு வடிதட்டின்மேல் வைத்துவிட்டால், காலையில் தண்ணீர் இறங்கி, வெண்ணெய் போலத் தடவக்கூடிய ஒரு பொருள் துணியில் நிற்கிறது. லெபனானிலும் பாலஸ்தீனத்திலும் அதைத் தட்டில் பரப்பி, கரண்டியின் முதுகால் குழி செய்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, வெள்ளரி, தக்காளி, ஆலிவ் காய்களோடு ரொட்டியைக் கிள்ளித் தொட்டு உண்கிறார்கள். கிரேக்கத்தில் ஏறக்குறைய இதே பொருள் தேனும் வாதுமைக் கொட்டையும் சேர்ந்து வருகிறது. துருக்கியில் பூண்டு கலந்து, கொதிநீரில் உடைத்து வேகவைத்த முட்டைக்கு அடியில் வருகிறது. மூன்றுக்கும் பொதுவான ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். 'கட்டித் தயிர்' என்றால் போதுமா?

தமிழாசிரியர் (பணி ஓய்வு), மதுரை:

அம்மையாருக்கு வணக்கம். இதற்குப் புதுச்சொல் படைக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருக்கும் சொல்லை எடுத்துக்கொண்டால் போதும். குறுந்தொகை 167ஆம் பாடலில் கூடலூர் கிழார், 'முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்' என்கிறார். புதுமனைவி தானே துழந்து சமைத்த புளிப்பாகரை, அதாவது புளிக்குழம்பை, கணவன் 'இனிது' என்று உண்ண, அவள் முகம் நுண்ணிதின் மகிழ்ந்ததைக் கண்டுவந்த செவிலித்தாய் நற்றாயிடம் சொல்லும் பாட்டு அது. முளி என்பதற்கு உலர்தல் என்றும் முற்றுதல் என்றும் பொருள் உண்டு. முளிபுல், முளிமரம் என்னும் வழக்குகளை நினைத்துப் பாருங்கள். நீர் வற்றிய தயிர் முளிதயிர். விரலால் பிசைய வேண்டிய அளவுக்கு அது கெட்டியாக இருந்தது என்பதற்குப் பாட்டே சான்று. இன்னொன்றையும் கவனியுங்கள்: தயிரைக் குறிக்கும் 'யோகூர்த்' என்னும் துருக்கியச் சொல்லே பிசைதலைக் குறிக்கும் வேரோடு தொடர்புடையது. இரு மொழிகளுக்கும் உறவு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு சமையலறைகளிலும் பெண்கள் தயிரைக் கையால் அறிந்திருந்தார்கள் என்பது என் மனத்தைத் தொடுகிறது.

உணவுத் தொழில்நுட்ப விரிவுரையாளர், கோவை:

ஐயாவின் பாட்டு விளக்கத்தை மகிழ்ந்து படித்தேன். ஆயினும் வகுப்பில் இதைக் கற்பிக்கும் எனக்கு வேறொரு கவலை உண்டு. கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரநிலைத் தொகுப்பின் 2003ஆம் ஆண்டுத் தரநிலை 243, நொதித்த பால் வகைகளுள் புரதம் குறைந்தது 5.6 விழுக்காடாக உயர்த்தப்பட்டவற்றைத் தனிப் பிரிவாக வைத்து, லப்னேயையும் கிரேக்கத்தின் ஸ்ட்ராகிஸ்தோவையும் அதில்தான் சேர்க்கிறது. அப்பிரிவின் இலக்கணம் செறிவுதான். துணியில் வடிப்பது செறிவை அடைய ஒரு வழி மட்டுமே. இன்று பல ஆலைகள் வடிக்காமலேயே, பாற்புரதப் பொடியைச் சேர்த்துத் தயிரைக் கெட்டியாக்குகின்றன. ஆகவே 'செறிதயிர்' என்பதே பிழையற்ற சொல். ஐயா காட்டிய துருக்கிய வேருக்கு அடர்தல் என்னும் பொருளும் உண்டு என்பதால், அந்தச் சான்று என் பக்கத்துக்கும் உதவுகிறது.

'கிரேக்கத் தயிர்' என்று எழுதிவிடலாமே என்று யாரேனும் நினைத்தால், அதைத் தவிர்க்க வேண்டுகிறேன். கிரீஸில் செய்யப்படாத தயிரை அப்பெயரில் விற்பது வாங்குவோரைத் தவறாக எண்ணவைக்கும் என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. வீட்டிலேயே செய்யச் சொல்லும் நூலில் அந்தப் பெயர் பொருந்தாது.

உறுப்பினர், குவைத்:

நான் இங்கே வேலைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் குடியிருப்பில் கோடைக் காலையில் வெயில் ஏறும் முன்பே ரொட்டியும் லப்னேயும் வெள்ளரியும்தான் உணவு. தமிழர்கள் அனைவரும் 'லப்னா' என்றே சொல்கிறோம். அல்வா அரபு மொழியிலிருந்து வந்த சொல். அதற்கு யாரும் தமிழ்ச்சொல் தேடவில்லை, திருநெல்வேலிக்காரர்கள் அதைத் தங்கள் ஊர்ப் பெருமையாகவே ஆக்கிக்கொண்டார்கள். லப்னேயையும் அப்படியே விட்டுவிட்டால் கடையில் கேட்டு வாங்கவாவது முடியும்.

தமிழாசிரியர், மதுரை:

குவைத் நண்பர் சொல்வது ஓரளவு உண்மையே. ஆனால் 'லபன்' என்னும் அரபுச் சொல் லெபனானில் தயிரையும் எகிப்தில் பாலையும் குறிக்கிறது. வெண்மையைக் குறிக்கும் வேர் அது. பனி போர்த்த லெபனான் மலையின் பெயரும் அவ்வேரிலிருந்து வந்ததாகவே சொல்வர். இடத்துக்கு இடம் பொருள் மாறும் சொல்லை நாம் ஏன் கடன்வாங்க வேண்டும்? தவிரவும், கிரேக்கரின் தயிரையும் துருக்கியரின் தயிரையும் லப்னே என்று எழுதினால் அவர்கள் ஏற்பார்களா?

உறுப்பினர், யாழ்ப்பாணம்:

வணக்கம். 'கட்டித் தயிர்' என்பதை நானும் ஏற்கமாட்டேன். இலங்கையில் மண்சட்டியில் விற்கும் எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்குக் கட்டியானது. அதைக் கித்துள் என்னும் பனைவகையின் பாணி (பாகு) விட்டு உண்கிறோம். ஆனால் அது வடிக்கப்படாதது. நூலைப் படிக்கும் எங்கள் வாசகர் அதையே எடுத்து ரொட்டியில் தடவிவிட்டு, ஏன் நீர்விடுகிறது என்று திகைப்பார்.

என் விருப்பம் 'வடிதயிர்'. ஸ்ட்ராகிஸ்தோ என்னும் கிரேக்கச் சொல்லுக்கும், இதே தயிருக்குத் துருக்கியில் வழங்கும் 'சூஸ்மே'க்கும் வடித்தது என்பதுதான் பொருள். வினைத்தொகை ஆதலால் வல்லினம் மிகாது. 'வடித்தயிர்' என்று எழுதிவிட வேண்டாம் என அச்சுக்கோப்பவரிடம் சொல்லிவையுங்கள். ஓர் ஐயம் மட்டும் எனக்கு உண்டு. வடிதல் தன்வினை, வடித்தல் பிறவினை. தொகையில் இரண்டும் ஒரே உருவம் கொள்கின்றன. வடிகஞ்சி என்றால் சோற்றைவிட்டு இறங்கிய நீரைத்தான் குறிக்கிறோம். அப்படியானால் வடிதயிர் என்பது துணிக்குக் கீழே சொட்டிய தண்ணீரைக் குறித்துவிடாதா?

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

அந்த ஐயத்துக்கு என்னிடம் விடை இருப்பதாகவே நினைக்கிறேன். 'சோறு வடித்தாயிற்றா?' என்று கேட்கும்போது பானையில் நிற்கும் சோற்றைத்தான் எண்ணுகிறோம். கஞ்சி தானே வடிந்து போவது. சோறு நாம் வடித்து வைத்துக்கொள்வது. சோற்றைப் போலவே தயிரும் நாம் வைத்துக்கொள்ளும் பொருள் என்பதால் வாசகர் குழம்பமாட்டார். கீழே இறங்கும் நீரைத் 'தயிர்த்தெளிவு' என்று எழுதியிருக்கிறேன். ரொட்டி மாவு பிசைய அதைப் பயன்படுத்தச் சொல்கிறது நூல்.

முளிதயிரை இரண்டு நாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் வீட்டில் எல்லோரும் 'முழி' என்றே கேட்டார்கள். அத்துடன், தலைவி பிசைந்த தயிர் புளிப்பாகருக்குள் கரைந்துபோகிறது. அங்கே முளி என்பது நன்கு உறைந்து முற்றியதைத்தான் குறித்திருக்கும், வடித்ததை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

உறுப்பினர், குவைத்:

காலை உணவு என்றே நூல் முழுதும் எழுதப்போகிறீர்களா? துருக்கியர் அதைக் 'கஹ்வால்தி' என்கிறார்கள். காப்பிக்கு முன் வயிற்றில் போடுவது என்பது அதன் பொருள் என்று உடன் வேலைசெய்யும் துருக்கி நண்பர் சொன்னார். எங்கள் வீட்டில் 'பசியாறல்' என்போம். மலேசியத் தமிழரும் அப்படியே சொல்கிறார்கள். தலைப்பில் அந்தச் சொல் நின்றால் எனக்கு மகிழ்ச்சி.

விரிவுரையாளர், கோவை:

பசியாறலை நானும் வழிமொழிகிறேன். தயிரைப் பொறுத்தவரை, வீட்டுச் சமையல் நூலுக்கு வடிதயிர் போதும் என்பதை ஏற்கிறேன். வீட்டில் யாரும் பாற்புரதப் பொடி சேர்ப்பதில்லை. ஆனால் பாடநூலில் நான் செறிதயிர் என்றே எழுதுவேன். வடிக்காமல் செறிவூட்டியதை வடிதயிர் என்று மாணவருக்குக் கற்பிக்க என்னால் இயலாது.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

நால்வரில் மூவர் இந்நூலுக்கு வடிதயிரை ஏற்றிருக்கிறீர்கள் அல்லது மறுக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். உணவின் பெயராக வருமிடத்தில் லப்னே என்றே இருக்கும். செய்முறையில் வடிதயிர் என்று இருக்கும். தலைப்பு 'கோடைப் பசியாறல்'. நாளை காலை கோப்பை அனுப்பிவிடுகிறேன். அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர், மதுரை:

நூல் நன்றாக வரட்டும். நான் இணங்கவில்லை என்பதை மட்டும் குழுவின் கலைச்சொல் பட்டியலில் குறித்துவையுங்கள். நேற்றிரவு ஒரு லிட்டர் தயிரை வேட்டித் துணியில் கட்டி, அம்மையார் சொன்னபடியே வைத்தேன். காலையில் பிரித்தபோது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேலாக நின்றது. உப்பும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்தேன். விரலில் ஒட்டாமல் உருண்டது. அதைப் பார்த்த என் மனைவி, தயிர் 'வடிந்திருக்கிறது' என்று சொல்லவில்லை, 'முத்திப்போச்சு' என்றுதான் சொன்னார்.