நாற்பது ஜெர்சி, போடுவது ஐந்து

கேள்வி: அலமாரி நிறைய கால்பந்து ஜெர்சி. ஆனாலும் புது சீசன் வந்தால் கை சும்மா இருப்பதில்லையே, ஏன்?

பதில் 1: ஹோம் (சொந்த மைதானத்துக்கு), அவே (வெளி மைதானத்துக்கு), தேர்ட் (மாற்றாக மூன்றாவது) என்று சீசனுக்கு மூன்று விடுகிறார்கள். இரண்டு வாங்கியவருக்கு மூன்றாவது 'குறை'யாக உறுத்தும். பிடித்ததா என்பதெல்லாம் அப்புறம்தான். எல்லை போடுங்கள்: ஒரே கிளப், ஹோம் மட்டும்.

பதில் 2: விற்கும்போதுதான் சிக்கல். கையில் இருப்பதற்கு நாமே மதிப்பை ஏற்றிவிடுவோம். 1990-இல் கானமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் காபிக் கோப்பைகளை வைத்துக் காட்டியது இதைத்தான். கேட்கும் விலையை விடுங்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள்.

பதில் 3: வீரர் பெயர் அச்சு வேண்டாம், அவர் கிளப் மாறினால் பெரும்பாலும் விலை படுத்துவிடும். பழசு வாங்கினால் உள் லேபிளில் இருக்கும் தயாரிப்பு எண்ணை இணையத்தில் தேடுங்கள், வேறு ஜெர்சி வந்தால் போலி என்று சந்தேகப்படலாம். உள்புறம் திருப்பி 30 டிகிரியில் துவையுங்கள். டிரையர் சூட்டில் அச்சு வெடிக்கும்.