சுங்கை சிப்புட்: லென்ஸுக்குள் பூஞ்சை, உதவி வேண்டும்

வணக்கம். என் கேமரா லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. பழைய டிஎஸ்எல்ஆர், கூடவே வந்த 18-55 லென்ஸ். எட்டு வருடத்துக்கு முன் அப்பா வாங்கிக் கொடுத்தது.

ஞாயிறு காலையில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரைச் சுற்றி நடந்து படம் எடுப்பேன். ரயில் நிலையம், அஞ்சடி (கடைமுன் நடைபாதை) ஓரக் கடைகள், பசாரில் முருங்கைக்கீரை விற்கும் பாட்டிகள், ரொட்டி சானாய் வீசுபவர், அப்புறம் 1954-இல் திறந்த மகாத்மா காந்தி கலாசாலை வாசல். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய பெரியவர்கள் பலர் இப்போது டவுனில்தான். தே தாரிக் குடித்தபடி அவர்கள் பேசும்போது முகத்தில் வரும் ஒளிக்காகவே விடியுமுன் கிளம்புகிறேன்.

மூன்று மாதமாக, வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் முழுக்க வெளுத்துப்போகிறது. கடை விளக்கைச் சுற்றி வளையம். நிழலில் எடுத்தால் ஓரளவு சரி. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோல் இழைகள். நண்பரின் 50 லென்ஸை மாட்டினால் படம் தெளிவு, ஆக கேமராவில் கோளாறு இல்லை.

முன்னும் பின்னும் துடைத்தேன். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் வைத்தேன். பரவவில்லை, போகவும் இல்லை. கடையில் கேட்டால் புதிது வாங்கச் சொல்கிறார்கள். நானே கழற்றினால் கண்ணாடி இடம் மாறிவிடும் என்று பயம்.

ஈப்போ, தைப்பிங் பக்கம் லென்ஸைத் திறந்து பூஞ்சை துடைத்துத் தருபவர் யாராவது உங்களுக்குத் தெரியுமா?