மறு: மின்தூக்கி ஊசலுக்கு எந்த ‘ஈர்ப்பு’?

நண்பர்களே,

முடுகும் மின்தூக்கிக்குள் ஊசல் ஆடும்போது, கணக்கில் ஈர்ப்பு முடுக்கத்தின் இடத்தில் வரும் அளவைத் தமிழில் என்னவென்று அழைப்பது என்ற கேள்விக்கு, தோற்ற ஈர்ப்பு, நிகர ஈர்ப்பு, பயனுறு ஈர்ப்பு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு மூன்றிலும் மனம் ஒட்டவில்லை. ஏன் என்று சொல்லக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுகிறேன்.

மேல்நோக்கி முடுகும் மின்தூக்கிக்குள் நிற்பவருக்கு ஊசல் குண்டின் மேல் இரண்டு விசைகள் கீழ்நோக்கித் தெரிகின்றன: புவியின் இழுப்பு ஒன்று, மின்தூக்கி முடுகுவதால் உள்ளே நிற்பவருக்கு மட்டும் தெரியும் போலி விசை ஒன்று. இரண்டுமே நிறைக்கு நேர்விகிதம். அதனால் ஈர்ப்பு முடுக்கத்தோடு மின்தூக்கியின் முடுக்கத்தைக் கூட்டிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் பழைய தனி ஊசல் கணக்குதான். கோணம் சிறிதாக இருக்கும்வரை, நீளத்தை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2 பையால் (2π) பெருக்கினால் அலைவு நேரம், அதாவது ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம். ஒரு மீட்டர் ஊசலுக்கு, நிற்கும் மின்தூக்கியில் 2.01 நொடி. 1.2 மீ/வி² முடுக்கத்தில் மேலே கிளம்பினால் ஈர்ப்பு முடுக்கமான 9.8 என்பது 11 ஆகிறது. அலைவு நேரம் 1.89 நொடி. அதே முடுக்கத்தில் கீழே இறங்கத் தொடங்கினால் கூட்டுவதற்குப் பதில் கழித்து 8.6, அலைவு நேரம் 2.14 நொடி. (நிஜ லிஃப்ட் ஒன்றிரண்டு நொடிதான் முடுகும், ஊசல் ஓர் அலைவை முடிப்பதே சந்தேகம். தேர்வுத்தாள் லிஃப்ட்தான் நிற்காமல் முடுகிக்கொண்டே போகும்.)

அந்த 11க்கும் 8.6க்கும்தான் பெயர் தேடுகிறோம்.

‘தோற்ற எடை’யை ஒட்டி ‘தோற்ற ஈர்ப்பு’ வந்தது புரிகிறது. ஆனால் தோற்றம் என்றதும் மாணவர் மாயை என்று எடுத்துக்கொள்வார். இங்கே மாயை எதுவுமில்லை; வெளியே தரையில் நின்று கடிகாரம் பிடித்தாலும் அதே 1.89 தான். ‘நிகர’ என்றால் எல்லா விசைகளையும் கூட்டியது என்று பொருள், நூலின் இழுவிசையும் கணக்கில் வந்தாக வேண்டும், அதைத்தான் நாம் சேர்க்கவில்லையே. ‘பயனுறு’ மாறுமின்னோட்டப் பாடத்தில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது.

என் பரிந்துரை: எடைமுடுக்கம். மின்தூக்கிக்குள் சுருள்வில் தராசு காட்டும் எடையை நிறையால் வகுத்தால் வருவது. மின்தூக்கி கயிறறுந்து தடையின்றி விழும்போது அது சுழி, ஊசல் ஆடவே ஆடாது. எடையின்மை என்று நாம் முன்பே சொல்லிப் பழகிய நிலை. பேருந்துக்கும் இது பொருந்தும். வண்டி வேகமெடுக்கும்போது கண்ணாடிக்கு முன் தொங்கும் பொம்மை பின்னால் சாய்கிறதே, அந்தச் சாய்ந்த கோடுதான் எடைமுடுக்கத்தின் திசை. கிடை முடுக்கம், ஈர்ப்பு முடுக்கம் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் அதன் அளவு.

‘எடையின் முடுக்கம்’ என்று படித்துவிட மாட்டார்களா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். தேர்ப்பாகன் தேரின் பாகன் அல்லன், தேரை ஓட்டும் பாகன். அதுபோல எடையைத் தரும் முடுக்கம். வேற்றுமை உருபும் (ஐ) அதன் பொருளை விளக்கும் சொல்லும் (ஓட்டும், தரும்) மறைந்து நிற்கும் தொகை; இலக்கணத்தில் உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

யாழ்ப்பாண நண்பருக்கு: இங்கே தமிழ்நாட்டில் நிறை என்பது உங்களுக்குத் திணிவு, இங்கே எடை என்பது உங்களுக்கு நிறை. ‘நிறைமுடுக்கம்’ என்று வைத்தால் பாக் நீரிணையின் இரு கரையிலும் வேறு வேறு பொருள் வரும். எடை என்றால் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் முடுக்கத்தை நீங்கள் ஆர்முடுகல் என்பீர்கள். ‘எடை ஆர்முடுகல்’ அங்கே வகுப்பில் நாக்கில் புரளுமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.