குப்பை லாரி ஒழுகினால் அபராதம் போடலாமா?

ஈரத்தடம்:
போன வாரம் காலையில் ஒரு வளைவில் திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்சக்கரம் வழுக்கி விழுந்தேன். மழை இல்லை. எழுந்து பார்த்தால் கருப்பாக, பிசுபிசுவென்று ஒரு கோடு சாலை நெடுகப் போகிறது. எனக்கு முன்னால் போன குப்பை லாரி ஒழுகவிட்ட தண்ணீர். முழங்கை தேய்ந்ததுகூடப் பரவாயில்லை, சட்டையை இரண்டு முறை துவைத்தும் நாற்றம் போகவில்லை. ஒழுகும் வண்டியைப் பிடித்தால் அங்கேயே அபராதம் போட வேண்டும். மறுபடி பிடிபட்டால் ஓடவே விடக்கூடாது. மணல் லாரியைத் தார்ப்பாய் கட்டச் சொல்கிறோம், இதற்கு மட்டும் ஏன் விலக்கு?

பட்டறைக்காரன்:
அடிபட்டதற்கு வருத்தம் நண்பரே. ஆனால் நான் இந்த வண்டிகளைப் பழுது பார்ப்பவன். அபராதத்தால் ஒழுகல் நிற்காது.

உணவுக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர்தான். கம்பாக்டர் வண்டியில் இரும்புத் தகடு அதை அழுத்தும்போது துணியைப் பிழிந்த மாதிரி தண்ணீர் வெளியே வரும். வண்டி புத்தம் புதிதாக இருந்தாலும் வரும். அது பின்கதவின் அடிப்பக்கம் சேரும். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை உண்டு, அடியில் சாறு பிடிக்கத் தொட்டியும் உண்டு. கண்ணாடித் துண்டோ கம்பியோ இடையில் மாட்டினால் ரப்பர் கிழிந்துவிடும். தொட்டிக்குப் போகும் சல்லடையை பிளாஸ்டிக் பை வந்து அடைத்துக்கொள்ளும். தொட்டி காலியாக இருக்கும், தண்ணீர் கதவு வழியாக ஒழுகும். ஒரு வண்டியில் வடிகுழாயின் வால்வே இல்லை. துணி சுற்றிய கட்டையை அடித்துச் செருகியிருந்தார்கள்.

ஈரத்தடம்:
நீங்கள் சொல்வது எல்லாமே பராமரிப்புக் குறைதானே அண்ணா? அபராதம் இருந்தால் அந்த வால்வை எப்போதோ மாற்றியிருப்பார்கள்.

பட்டறைக்காரன்:
அந்த அபராதத்தை யாருடைய சம்பளத்தில் பிடிப்பார்கள்? டிரைவரிடம். அவர் என்ன செய்வார்? பாதி வழியிலேயே தொட்டி நிரம்பிவிடுகிறது, காலி செய்ய இடம் கிடையாது. இப்போது சொட்டுச் சொட்டாக ஒழுகுவதை, ஆள் இல்லாத இடத்தில் வால்வைத் திறந்து ஒரேயடியாக விடுவார். பெரிய தொட்டி வைக்கலாமே என்று கேட்பீர்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். அந்த ஒரு டன் குப்பையைக் குறைத்துத்தான் ஏற்ற முடியும்.

வாளி:
இரண்டு பேரும் லாரியையே பார்க்கிறீர்கள். தண்ணீர் நம் வீட்டிலிருந்துதான் போகிறது. மீந்த குழம்பை அப்படியே குப்பை வாளியில் ஊற்றுபவர்கள் எத்தனை பேர்! வடிகட்டிப் போட்டால், ஈரக் குப்பையைத் தனியாகக் கொடுத்தால், பிழிய என்ன இருக்கும்?

பட்டறைக்காரன்:
தனியாகக் கொடுப்பது நல்லதுதான் அம்மா, ரப்பர் கிழிவதும் குறையும். ஆனால் நீங்கள் வடிகட்டிப் போட்ட குப்பை மூடியில்லாத தெருத்தொட்டியில் ஒரு ராத்திரி மழையில் நனைந்தால்? தவிர, காய்கறித் தோலுக்குள் இருக்கும் தண்ணீரை வடிகட்டி எடுக்க முடியாது.

கரையோரம்:
வழுக்கலையும் நாற்றத்தையும் மட்டும் பேசுகிறோம், இது கடைசியில் எங்கே போகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. வீட்டுச் சாக்கடை நீரின் பி.ஓ.டி. அளவு, அதாவது அதிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்குச் சுமார் 200 முதல் 300 மில்லிகிராம். குப்பையிலிருந்து புதிதாகப் பிழிந்த சாறில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும், பல்லாயிரத்தையும் தொடும். சாலையைக் கழுவிவிட்டால் அது மழைநீர் வடிகாலுக்குள் போகிறது. பெரும்பாலான ஊர்களில் அந்த வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேராக ஆற்றுக்கோ ஏரிக்கோ போகிறது. பிளீச்சிங் பவுடர் தூவினால் நாற்றம் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். அப்புறம், புளித்த சாறு அமிலம். வண்டியின் அடித்தகட்டையே அரித்து ஓட்டை போடும்.

அதனால் பட்டறைக்காரர் சொன்ன அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியம்: காலி செய்ய இடம் இல்லை. குப்பையை இறக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குழி, அங்கிருந்து சுத்திகரிப்புக்குக் குழாயோ டேங்கரோ வேண்டும்.

ஈரத்தடம்:
சரி, டிரைவர் தலையில் விழக்கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அபராதமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வண்டியை அனுப்பும் நிர்வாகத்தின் மேல் போடுங்கள். குழி கட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். காலையில் ஷெட்டிலேயே பின்பக்கத்தில் தண்ணீர் ஊற்றி, கதவை மூடி, பத்து நிமிடம் அடியில் சொட்டுகிறதா என்று பார்க்க எவ்வளவு நேரமாகும்?

பட்டறைக்காரன்:
நிர்வாகத்தின் மேல் என்றால் நானும் உங்கள் பக்கம்தான். தண்ணீர்ச் சோதனையும் நல்லதே, ரப்பர் மாற்றியதும் நான் அப்படித்தான் பார்ப்பேன். ஆனால் அது போதாது. காலி வண்டியில் சொட்டாத கதவு, தகடு அழுத்தும்போது அரை விரல் விலகி ஒழுகுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் தெருவில் குப்பையை அழுத்தியதும் டிரைவர் இறங்கி, கதவின் இரண்டு கீழ் மூலைகளையும் குனிந்து பார்க்கட்டும். ஒழுகினால் அங்கிருந்தே திரும்பி வர அவருக்கு அனுமதி இருக்க வேண்டும். இன்றைக்கு அப்படித் திரும்பினால் அன்றைய நடை அவர் கணக்கில் வராது.