பித்தப்பையை எடுத்த பிறகு பரோட்டா சாப்பிடலாமா?

கல்லுமாஸ்டர்:
வணக்கம். விருதுநகர் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருக்கிறேன். நாலு மாதம் முன்பு லேப்ராஸ்கோபி செய்து பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த கற்களைச் சின்ன டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். மொத்தம் 11, கொண்டைக்கடலை அளவு. 20 வருஷமாகக் கல்லில் நிற்பவனுக்கு வயிற்றிலும் கல்லா என்று கடைப் பையன்கள் இன்னும் சிரிக்கிறார்கள்.

இப்போது வலி இல்லை. ஆனால் ராத்திரி கடை மூடும்போது ரெண்டு பொரிச்ச பரோட்டா, சால்னாவோடு சாப்பிட்டால் அரை மணி நேரத்தில் ஓட வேண்டியிருக்கிறது. மஞ்சளாக, தண்ணீராகப் போகிறது, எரிச்சல் வேறு. இட்லி என்றால் ஒன்றும் செய்வதில்லை. "பித்தமே இல்லாத ஆளுக்கு எண்ணெய் எப்படிச் செரிக்கும்" என்கிறாள் வீட்டுக்காரி. சரியா? பை போனால் பித்தம் எங்கே போகும்?

ஈரல்பிரியன்:
அப்பாவுக்குக் கறிக்கடை. ஈரலோடு ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒரு பை இருக்கும். அதில் நகம் பட்டு உடைந்தால் போச்சு, அந்த ஈரல் வாயில் வைக்க முடியாத கசப்பு. அது இல்லாமல் இருப்பது நல்லதுதானே அண்ணே!

விலங்கியல் டீச்சர்:
தம்பி, பை வெறும் தொட்டி. பித்தநீர் ஊறும் கிணறு கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ஊறும். பை கொள்வது சுமார் 50 மி.லி.தான். ஆனால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கெட்டியாக்கி வைத்திருக்கும். எண்ணெய்ச் சாப்பாடு முன்சிறுகுடலுக்கு வந்ததும் அங்கிருந்து கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கிளம்பும். அது தட்டியதும் பை சுருங்கிப் பீச்சும். உங்களுக்குத் தொட்டி இல்லாததால் பித்தநீர் நேராகக் குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். குதிரைக்கும் எலிக்கும் பிறவியிலேயே அந்தப் பை கிடையாது. (குதிரை பரோட்டா தின்னாது, அது வேறு விஷயம்.)

சால்னாச் சட்டியை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்கு போகுமா? சோப்பு போட்டால்தான் எண்ணெய் பொடித் துளியாக உடையும். பித்த உப்புகள் செய்வது அந்தச் சோப்பு வேலை. உடைந்த துளிகளைக் கணையத்திலிருந்து வரும் லிப்பேஸ் என்ற நொதி செரிக்கும். வேலை முடிந்த உப்பில் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பிவிடும். உங்கள் தொல்லை அங்கேதான் என்று தோன்றுகிறது. உறிஞ்சியது போக மிஞ்சியது பெருங்குடலுக்குள் வழிந்தால், அங்கே நீர் சுரக்க வைக்கும். மஞ்சளும் எரிச்சலும் அதற்குப் பொருந்துகின்றன. வீட்டுக்காரி சொல்வதற்கு நேர் எதிர்!

இன்னொன்று, அரை மணியில் வெளியே வருவது அந்தப் பரோட்டா இல்லை. அது அப்போது இரைப்பையில்தான் கிடக்கும். எண்ணெய்ப் பண்டம் அங்கிருந்து இறங்கவே மணிக்கணக்காகும். இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் அசைந்து, முன்பு சாப்பிட்டதைத் தள்ளுகிறது.

மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு மிதந்தால் அது கொழுப்பு செரிக்காத கதை. காய்ச்சல், கண் மஞ்சள், கட்டன் டீ நிறத்தில் சிறுநீர் இதெல்லாம் வந்தால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பித்தநீர்க் குழாயில் கல் தங்கியிருக்கலாம்.

தேனிப்பொண்ணு:
அண்ணா, எனக்கும் இதே கதைதான். டாக்டர் கொலஸ்டிரமின் பொடி எழுதிக் கொடுத்தார், குடலில் மிஞ்சும் பித்த உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மருந்து. தண்ணீரில் கலக்கினால் கரையவே கரையாது, ஆற்று மணலைக் குடிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஒரே வாரத்தில் கேட்டது. மற்ற மாத்திரைகளை அதோடு சேர்த்துப் போடக் கூடாது, அவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். டாக்டரிடம் கேட்காமல் நீங்களாக வாங்காதீர்கள்.

கல்லுமாஸ்டர்:
நன்றி டீச்சர், நன்றிம்மா. திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன். அதுவரை பொரிச்சதை விட்டுவிட்டு வீச்சுப் பரோட்டா ஒன்று, சால்னா மேலே நிற்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டு. வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "அப்போ பித்தம் இன்னும் ஊறிக்கிட்டுத்தான் இருக்கா? அதான் சாயங்காலமானா பையன்களை அந்தக் கத்து கத்துறீங்க" என்கிறாள்.