"நாக்கு எடை" வேண்டாமே, முன்பாரம் இருக்கிறதே

வணக்கம் நண்பர்களே,

படகை ட்ரெய்லரில் ஏற்றிக் காரால் இழுத்துப் போவது பற்றிய உங்கள் தமிழ்க் குறிப்பில், ட்ரெய்லரின் முன்முனை காரின் கொக்கியை எவ்வளவு எடையோடு அழுத்துகிறது என்பதற்கு (ஆங்கிலத்தில் tongue weight) "நாக்கு எடை" என்று எழுதியிருந்தீர்கள். பாய்மரப் படகை முதல்முறை இழுத்துப் போகப்போகிற ஆள் இதைப் படித்தால் எதைத் தராசில் வைப்பார்?

மாட்டுவண்டிக்காரர்கள் இதற்கு எப்போதோ பேர் வைத்துவிட்டார்கள். மூட்டை முன்னால் கூடினால் முன்பாரம், மாட்டின் கழுத்து அழுந்தும். பின்னால் கூடினால் பின்பாரம், மாட்டைப் பூட்டுகிற நீண்ட கட்டையான ஏர்க்கால் மேலே எழும்பும். அச்சுக்கு முன்னும் பின்னும் எடையைப் பங்கிடுகிற அதே கணக்குதான் இங்கேயும், மாடு நின்ற இடத்தில் கார் நிற்கிறது, அவ்வளவே. எதிர்ச்சொல்லும் கூடவே இலவசமாக வருகிறது. "நாக்கு எடை"க்கு எதிர்ச்சொல் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்! "முன்பாரம்" என்றால் காரின் முன் அச்சு எடையோடு குழம்பும் என்று ஒருவர் சொன்னார். குழம்புகிற இடத்தில் "ட்ரெய்லரின் முன்பாரம்" என்று எழுதினால் போயிற்று.

இந்தச் சொல்லுக்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை படகின் பின்முனையில் மாட்டுகிற வெளிப்பொறியை (outboard motor) கழற்றாமல், நங்கூரம், தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் படகின் பின்பக்கம் போட்டு, இறக்கிக் கட்டிய பாய்மரமும் பின்னால் நீண்டிருக்க ஒரு படகை இழுத்துப் போனேன். வேகம் மணிக்கு 80 கி.மீ.-ஐத் தொட்டதும் ட்ரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது, காரின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டியது. பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை மட்டும் விட்டதால் தப்பித்தேன். (இந்த ஆட்டத்துக்கு "வாலாட்டம்" என்பது என் பரிந்துரை. "ஊசலாட்டம்" இயற்பியல் பாடம் மாதிரி இருக்கிறது.) எல்லாம் பின்பாரம் செய்த வேலை.

ட்ரெய்லரும் படகும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்கட்டும் என்பது பலரும் சொல்லும் அளவு, சில நாடுகளில் இதைவிடக் குறைவாகவும் சொல்வார்கள். எதுவானாலும் கொக்கிக்குக் குறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. 800 கிலோ படகு, அச்சிலிருந்து கொக்கிவரை 4 மீட்டர் என்றால் படகை வெறும் 10 செ.மீ. முன்னால் நகர்த்தினாலே முன்பாரம் 20 கிலோ கூடிவிடும். நகர்த்தினால் வின்ச் (படகை ட்ரெய்லர்மேல் இழுக்கிற கயிற்றுச் சுருளை) பொருத்திய கம்பத்தையும் முன்னால் தள்ளி, அணியம், அதாவது படகின் முன்முனை, அதில் ஒட்டி உட்காரும்படி செய்ய வேண்டும். அப்புறம் வின்ச் கயிற்றை மட்டும் நம்பாமல் அணிய வளையத்துக்குத் தனியாக ஒரு சங்கிலி, பின்பக்கம் இரண்டு பட்டைகள். நைலான் பட்டை நனைந்தால் இன்னும் நீளும், பாலியெஸ்டர் நல்லது. சிறிது தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கிவிடுங்கள்.

இன்னொரு சொல்லும் பாக்கி. படகின் இருபக்கமும் அணைத்து நிற்கும் மெத்தை வைத்த கட்டைகளுக்குத் "தாங்குகட்டை" என்று போட்டிருக்கிறீர்கள். நிலையான ஏரா (படகின் அடியில் நீளும் கீல், keel) உள்ள படகில் எடை ஏராவின் மேல்தான் உட்கார வேண்டும், அந்தக் கட்டைகள் சாயாமல் பிடித்தால் போதும். "தாங்கு" என்று படித்துவிட்டு யாராவது கட்டைகளின் திருகாணியை முறுக்கி உயர்த்தி முழுப் பாரத்தையும் அவற்றின் மேல் கொடுத்தால் படகின் வெளி ஓடு உள்வாங்கிவிடும். சாயாமல் முட்டுக் கொடுப்பதை அண்டை கொடுப்பது என்கிறோமே, அதிலிருந்து "அண்டைக்கட்டை" என்று வைக்கலாமா?