நாலு பேரு சேந்து கார்டு கேம் பண்றோம், ரூல் மட்டும் ஏறிக்கிட்டே போகுது

பள்ளத்தூர்_பயல்:
வணக்கம் மக்களே. காரைக்குடியில நாங்க நாலு பேரு ஞாயித்துக்கிழமையானா கூடி ஒரு கார்டு கேம் டிசைன் பண்ணிக்கிட்டு இருக்கோம். தீம் நம்ம செட்டிநாட்டு நகரத்தார் கதைதான், ஐயாக்க எல்லாம் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பண்ண, போன காலம். பெட்டியடிப் பையனா ஆரம்பிச்சு அடுத்தாள், மேலாள்னு ஏறணும், ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன்னு ஊர்க் கார்டு இருக்கு, யாரு முதல்ல வீட்டக் கட்டி முடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. ஜப்பான்காரன் பர்மாவப் பிடிச்ச 1942 கார்டு வந்தா பர்மாவுல போட்டது போச்சு. பிரச்சனை என்னன்னா ஒவ்வொருத்தனும் வாராவாரம் ஒரு ரூலோட வர்றான், ஒருத்தனுக்கு வட்டிக் கணக்கு வேணும், இன்னொருத்தனுக்கு வீடு கட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லு, பர்மாத் தேக்குன்னு தனித்தனியா வேணும். ஓட்டுப் போட்டா ரெண்டுக்கு ரெண்டு. யாரு சொல்றத எடுத்துக்கிறது?

கோட்டையூர்_அக்கா:
தம்பி, ஓட்டே வேணாம். ரூல் ஃபைல் ஒருத்தர் கையில மட்டும் இருக்கட்டும், மத்தவங்க சொல்லலாம், எழுதுறது அவருதான். புதுசா ஒரு ரூல் உள்ள வந்தா பழசு ஒண்ணு வெளிய போகணும்னு வைங்க, பாதி ஐடியா தானா அடங்கிரும். வட்டிக்கு எதுக்குக் கணக்கு? அங்க போயி கடை பாக்குற ஏஜென்ட்டுக்கு அப்ப மூணு வருஷத் தவணைதானே, மூணு ரவுண்டு ஒரு தவணை, தவணை முடிஞ்சா கடனுக்கு ஒரு கார்டு கூட எடுத்துக்க, அம்புட்டுத்தான். கல்லு தேக்கு எல்லாம் படத்துல வரட்டும், ரூல்ல வேணாம்.

தேவகோட்டைக்காரன்:
அக்கா சொன்னது சரி, ஆனா எனக்கு 1942 கார்டுதான் உறுத்துது. ரெண்டாவது ரவுண்டுலயே வந்துட்டா ஒருத்தன் சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கணும், அதுனால அதக் கட்டோட கடைசி மூணுல ஒரு பங்குல மட்டும் கலந்து விடுங்க. இன்னொண்ணு, நெசமா நடந்தது அதவிட சுவாரஸ்யம். 1930ல உலகம் பூரா மந்தம் வந்து நெல்லு விலை சரிஞ்சப்ப கடன் திரும்பல, நிலமாத்தான் வந்துச்சு. கீழ் பர்மாவுல நெல்லு விளையிற முக்கியமான 13 ஜில்லாவுல 1930ல நகரத்தார் கையில 6 சதவீதம் நிலம், 1938ல 25. பணம்னா பெட்டியில தூக்கிட்டு வரலாம், நிலத்த எப்படித் தூக்குறது? அப்ப மந்தம்னு ஒரு கார்டு, வந்தா ரொக்கம் நிலமா மாறும், 1942ல நிலம் மட்டும் போகும். ஒரே கார்டுல உங்க கேமுக்கு டென்ஷன் வந்துரும், நாலு ரூலத் தூக்கிப் போடலாம். நிலத்தப் பறிகொடுத்த பர்மா விவசாயிய எங்கயாச்சும் காட்டுங்கப்பா, நம்ம பக்கத்து அழுகை மட்டும் இருந்தா கேம் பாதிதான்.

சிவகாசி_மாப்ள:
நான் பிரஸ் ஆளு. 63க்கு 88 மில்லிமீட்டர் சைஸ் வச்சா கவர் ஈசியா கிடைக்கும். நிறைய எடத்துல ஷீட்டுக்கு 54 கார்டு, அதுனால 60ன்னு நிக்காம 54க்குள்ள முடிங்க, இல்ல 108. ஆனா இப்ப பிரிண்டுக்கு வந்துறாதீங்க, பழைய ரம்மிச் சீட்ட பிளாஸ்டிக் கவர்ல போட்டு முன்னாடி பேப்பர் சொருகி ஆடுங்க. தெரியாத ஆளுங்க கிட்ட ரூல் ஷீட்ட மட்டும் குடுத்துட்டு நீங்க நாலு பேரும் வாயத் தொறக்காம உக்காருங்க, எங்க முழிக்கிறாங்களோ அங்கதான் வேலை பாக்கி.

பள்ளத்தூர்_பயல்:
நில ஐடியா செம அண்ணே, உடனே எடுத்துக்கிறோம். வட்டிக் கணக்கு கேட்டவன் நான் சொன்னா கேக்க மாட்டான், இந்தத் திரெட்ட அப்படியே அனுப்பிட்டேன், இன்னும் பதில் வரல. அக்கா, வர்ற ஞாயிறு உங்க வீட்டுப் பிள்ளைகள ஆட விடுவீங்களா? கவர் போட்ட கட்டோட நாங்களே வந்துர்றோம்.